மூன்றாம் மாடியில் இரண்டு கதவுகள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவைக் கட்டடத்தில் மின்தூக்கி ஏறி மூன்றாம் மாடியில் இறங்கினால் இரண்டு பலகைகள் தெரியும். இடப்பக்கம் மனநல ஆலோசனை. வலப்பக்கம் வேலைவாய்ப்பு வழிகாட்டல். நடுவில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்த நடைபாதை. ஒரு கதவிலிருந்து இன்னொன்றுக்குப் பதினெட்டு தப்படி. காத்திருந்த நேரத்தில் எண்ணிப் பார்த்ததுதான்.

இந்தப் பருவத்தில் இரண்டு கதவுக்குள்ளும் போய் வந்திருக்கிறேன். சிக்கன் ரைஸ் கடைக்கும் காதில் மாட்டும் கருவிக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். கல்விக் கட்டணத்தோடு சேர்த்து ஏற்கெனவே காசு கட்டிவிட்ட சேவைக்கு ஏன் எழுதக் கூடாது? பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரில் உள்ள ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். கணினி அறிவியல், நான்காம் ஆண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம், கட்டாயத் தேசிய சேவையில் இரண்டு வருடம், அப்புறம்தான் இங்கே வந்தேன். வயது 25. இடம் கிடைத்தபோது ஈசூன் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், கம்ப்யூட்டர் படித்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்றார்கள். நான் சேர்ந்தது 2022 ஆகஸ்ட். அந்த நவம்பர் 9-ஆம் தேதி மெட்டா நிறுவனம் 11,000 பேருக்கு மேல் ஆட்குறைப்பு செய்வதாக அறிவித்தது. அதே மாதம் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. எனக்கு அப்போது தேர்வுக் காலம். கையால் எழுதிப் பழகிய நிரல்களை அது சில நொடிகளில் எழுதுவதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

2025 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 63 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். 9 பதில்கள், 2 நேர்காணல்கள். செப்டம்பர் வாக்கில் தூக்கம் போயிற்று. சரியாக மூன்றரை மணிக்கு விழிப்பு வரும். அப்பா பேருந்து ஓட்டுநர், காலை முறை வேலைக்கு நான்கு மணிக்கு எழுவார். அவர் எழுவதற்குள் தூங்கிவிட வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பேன்.

முதலில் போனது இடப்பக்கக் கதவு.

பதிவு செய்வது எளிது, இணையத்தில் ஐந்து நிமிடம்தான். ஒரு படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் சோர்வாக இருந்தீர்கள், எத்தனை நாள் தூக்கம் வரவில்லை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. நம் வாழ்க்கையிலேயே அதிகம் வாங்கக் கூடாத தேர்வு இது ஒன்றுதான். நான் 14 வாங்கினேன். சந்திப்பு எப்போது கிடைத்தது தெரியுமா? மூன்று வாரம் கழித்து. கடந்த இரண்டு வாரம் எப்படி என்று கேட்டுவிட்டு மூன்று வாரம் காக்க வைத்தால், நான் போய் உட்காரும்போது அந்த இரண்டு வாரம் பழைய செய்தித்தாள் ஆகிவிடாதா? இதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை.

பாதித் தப்பு என்னுடையது என்பதையும் சொல்ல வேண்டும். படிவத்தின் கடைசியில், அவசரமா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டால் அன்றைக்கோ மறுநாளோ பார்ப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் 'இல்லை' என்று போட்டேன். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் பசித்தாலும் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாம். படிவத்திலும் அதே பழக்கம்தான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நடு இரவில் தாங்கவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எண்ணும், 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771-உம் நாள் முழுக்க இயங்குகின்றன. நான் ஒருமுறை 1771-ஐ அழைத்துவிட்டு, எடுத்ததும் வைத்துவிட்டேன். மறுமுறை பதினோரு நிமிடம் பேசினேன்.

காத்திருக்கும் பகுதியில் ஏழு நாற்காலிகள். சுவரில் ஒரு சுவரொட்டி: 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களிடம் மனநலக் கழகம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 30.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருப்பதாகச் சொன்னார்களாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர். எங்கள் துறையின் விரிவுரை மண்டபத்தை மனத்தில் நிறுத்தி, மூன்று வரிசைக்கு ஒரு வரிசை என்று கணக்குப் போட்டுவிட்டு இந்த ஏழு நாற்காலியைப் பார்த்தேன். மூன்று வாரம் எப்படி வந்தது என்று புரிந்தது.

உள்ளே அறை சிறியது. குளிர் அதிகம், மேல்சட்டை கொண்டு போங்கள். மேசையில் டிஷ்யூ பெட்டியும் மைலோ பொட்டலங்களும் இருந்தன. சுவர்க் கடிகாரம் மாணவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது, அதாவது நேரம் ஆலோசகருக்கு மட்டும் தெரியும். முதல் தடவை அது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் தடவை, நேரத்தைக் கவனிக்கிற வேலை என்னுடையதில்லை என்பதே நிம்மதியாக இருந்தது. ஒரு சந்திப்பு 50 நிமிடம். பருவத்துக்கு ஆறு வரை இலவசம்.

எனக்குக் கிடைத்தவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட சீன அம்மையார். தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டுமா என்று படிவத்தில் கேட்கவே இல்லை. எனக்கு ஆங்கிலம் தடையில்லை என்றாலும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட முடியவில்லை. என்ன மாதிரி இருக்கிறது என்று கேட்டார். களைப்பு என்றேன், சரியாக வரவில்லை. சலிப்பு என்றேன், அதுவும் இல்லை. உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்றார். 'அலுப்பு' என்றேன். அதை விளக்குங்கள் என்றார். வயலில் வேலை செய்துவிட்டு வந்தாலும் அலுப்பு, ஒரே குழம்பைத் தினமும் ஊற்றினாலும் அலுப்பு. எனக்கு வேலையே செய்யாமல் முதல் அலுப்பும், இன்னும் தொடங்காத வேலையை நினைத்து இரண்டாவது அலுப்பும் சேர்ந்து வந்திருக்கின்றன என்றேன். அவர் அந்தச் சொல்லைத் தன் குறிப்பேட்டில் ஒலிக்கிறபடி எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது, 'இந்த வாரம் அலுப்பு எப்படி?' என்றுதான் தொடங்கினார். 'லு' கொஞ்சம் இடித்தது. அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

தூக்கத்துக்கு அவர் சொன்னவை உதவின. விழிப்பு வந்தால் படுக்கையிலேயே கிடக்காமல் எழுந்து போய் உட்காரச் சொன்னார். கைப்பேசியை வேறு அறையில் வைக்கச் சொன்னார். மூன்றரைக்கு எழுந்து சமையலறையில் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு அப்பா வந்து விளக்கைப் போட்டுவிட்டுத் திடுக்கிட்டார். அப்படித்தான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் பதிவாகுமாப்பா? நாளைக்கு கவர்மென்ட் வேலைக்குப் போனா பிரச்சினை வருமா?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது, கேட்டு வந்து சொன்னேன். ஆலோசனைக் குறிப்புகள் மதிப்பெண் பட்டியலில் வராது, பேராசிரியர்களுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களிடம் சொல்வோம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வேலை விண்ணப்பத்தில் மனநல நோய் உண்டா என்று பொதுவாகக் கேட்பது முறையில்லை என்று 2020-லிருந்தே வழிகாட்டி நெறி இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் மனநலத்தைச் சேர்த்திருக்கிறது. அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு, "வேலை கெடைக்கலன்னா என்ன இப்ப, நான் இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். அவருக்கு 61 வயது. அன்றைக்கு இன்னும் அரை மணி நேரம் முன்னாலேயே விழிப்பு வந்தது.

இடப்பக்கக் கதவில் எனக்கு மனக்குறை உண்டு. மூன்று சந்திப்புகளில் தூக்கம், மூச்சு, உணவு, உடற்பயிற்சி எல்லாம் பேசினோம். வேலை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், 'அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறார்கள்' என்பார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு வகுத்துக் கொடுத்த எல்லை அது. ஆனால் என் தூக்கத்தைத் தின்றதே எதிர்ப்பக்கத்துச் சமாசாரம்தானே.

சரி, எதிர்ப்பக்கம்.

வலப்பக்கக் கதவுக்குள் வெளிச்சம் அதிகம், நாற்காலிகள் ஆரஞ்சு நிறம், காப்பி இயந்திரம் உண்டு. அங்கேயும் ஒரு சுவரொட்டி. பட்டதாரிகளின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) மாதச் சம்பளம் 4,500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2024-இல் படித்து முடித்தவர்களின் வேலை ஆய்வு அது. அதற்கு முந்திய ஆண்டில் 4,313. அதே ஆய்வில், ஆறு மாதத்துக்குள் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5 ஆகக் குறைந்ததும் இருக்கிறது. அது சுவரொட்டியில் இல்லை. காப்பி குடித்துக்கொண்டே கைப்பேசியில் நானே தேடிப் படித்தேன். நல்லதை மட்டும் பெரிதாக எழுதி மாட்டினால் கிடைக்காதவன், கோளாறு தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்க மாட்டானா?

வேலைக்கு அனுப்பும் தன்விவரத்தைத் திருத்த அரை மணி நேரச் சந்திப்பு, மூன்றே நாளில் கிடைத்தது. இளைஞர் ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். வேகமானவர், கெட்டிக்காரர். ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்க வேண்டும் என்றார். என் இறுதி ஆண்டுத் திட்டத்தை மூன்று வரியில் அழகாகச் சுருக்கிக் கொடுத்தார். அப்புறம் கடைசி வரிக்கு வந்து கோடு போட்டு அடித்தார். 'குடும்பக் கடை வேலை, தேவையில்லை.'

அந்த வரி என்னவென்றால், லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் என் மாமாவுக்குப் பூக்கடை. இரண்டு வருடமாக வார இறுதியில் அங்கே வேலை செய்கிறேன். மல்லி விமானத்தில் வருகிறது, விற்காவிட்டால் மறுநாள் குப்பை. எந்த நாளைக்கு எத்தனை கிலோ வரவழைப்பது என்பது மாமாவின் தலைக்குள் மட்டும் இருந்த கணக்கு. வெள்ளிக்கிழமை, பிரதோஷம், பௌர்ணமி, முகூர்த்த நாள் எல்லாவற்றையும் பழைய விற்பனையோடு சேர்த்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். "பஞ்சாங்கத்த கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான்டா என் மருமவன்" என்று மாமா பக்கத்து டேக்கா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். இந்தத் தீபாவளிக்கு, அக்டோபர் 20, கொட்டிய பூ போன வருடத்தில் பாதிகூட இல்லை. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று நினைத்திருந்தேன். அது சிவப்புக் கோட்டில் போயிற்று. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அங்கேயே நேர்காணல் பயிற்சிக்குக் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. உள்ளே திரைதான் கேள்வி கேட்கும், நாம் 90 நொடியில் பதில் சொல்ல வேண்டும். எத்தனை முறை சிரித்தோம், எங்கே பார்த்தோம், எத்தனை முறை இழுத்தோம் என்று மதிப்பெண் போடும். பல நிறுவனங்கள் முதல் சுற்றை இப்போது இப்படித்தான் நடத்துகின்றன, ஆகவே பயன் இல்லை என்று சொல்ல முடியாது. நான் ஒரு பதிலின் முடிவில் பழக்க தோஷத்தில், சிங்கப்பூர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' போட்டுவிட்டேன். பேச்சை எழுத்தாக மாற்றிய பதிவில் அது 'சட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகப் பதிவாகியிருந்தது. சட்டம் படித்தவன் என்று கூடுதல் மதிப்பெண் ஒன்றும் தரவில்லை. புன்னகை போதவில்லை என்றது. மூன்றரை மணிக்கு எழுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

தேர்வுக்கு முந்திய வாரம் இரண்டு அலுவலகமும் சேர்ந்து நாய்க்குட்டிகளைக் கொண்டு வந்தார்கள், தடவிக் கொடுத்தால் மனம் லேசாகுமாம். நாற்பது பேர் வரிசை. என் முறை வரும்போது நாய் எங்கள் எல்லாரையும்விடக் களைத்திருந்தது.

இனி நான் எழுத வந்த விஷயம். நான்காவது சந்திப்பில் ஆலோசகரிடம் பூக்கடை வரியைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போது என் குரல் மாறியது என்றார் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வாருங்கள்' என்று எழுந்தார். கதவைத் திறந்து, என்னோடு அந்தப் பதினெட்டு தப்படியையும் நடந்து, வலப்பக்கக் கதவைத் தட்டினார். முன்பதிவு எதுவும் இல்லை. அங்கே இருந்தவர் வேறொருவர், மூத்த பெண்மணி. மூன்று பேரும் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். அந்தப் பெண்மணி பூக்கடைக் கதையை முழுக்கக் கேட்டார். எத்தனை மாதத் தரவு, மாமா முதலில் ஒத்துக்கொண்டாரா, மழை நாளில் கணக்கு தப்புமா என்று கேள்வி மேல் கேள்வி. அடித்த வரியை முதல் பக்கத்தின் மேலே கொண்டு வரச் சொன்னார். ஆலோசகர் இடையில் ஒன்றே ஒன்று சொன்னார்: வாரத்துக்குப் பத்து விண்ணப்பம் என்ற இலக்கை நான்காகக் குறைக்க முடியுமா, இவர் தூங்க வேண்டும். அந்தப் பெண்மணி நாட்காட்டியைப் பார்த்து, முடியும், எந்த நான்கு என்று நான் சொல்கிறேன் என்றார்.

என் தூக்கத்தையும் என் வேலையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியது அந்த இருபது நிமிடம் மட்டும்தான். அது சேவைப் பட்டியலில் இல்லை. இணையத்தில் பதிவு செய்ய முடியாது. ஒருவர் மனசு வைத்து எழுந்து நடந்ததால் கிடைத்தது. அடுத்த மாணவனுக்கு வேறு ஆலோசகர் வந்தால் கிடைக்காமலும் போகலாம். இரண்டு அலுவலகத்துக்கும் பொதுவாக ஒரு படிவம், மாதம் இரண்டு பிற்பகல் கூட்டுச் சந்திப்பு, இவ்வளவு செய்தால் போதும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. பூ வரியைப் பார்த்து ஒரு தளவாட நிறுவனம் கூப்பிட்டது, இரண்டாம் சுற்று ஜனவரியில். ஒன்றும் அமையாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்தப் பெண்மணி மறைக்காமல் பேசினார். 2025 அக்டோபரில் தொடங்கிய பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் என் சீனியர் ஒருவர் இருக்கிறார்; 800 இடங்கள் வரை, மூன்று முதல் ஆறு மாதம், மாதப் படி 1,800 முதல் 2,400 வெள்ளி. இதை வீட்டில் சொன்னதும் அம்மா, சுவரொட்டியின் 4,500-இலிருந்து 1,800-ஐக் கழித்துப் பார்த்தார். பிறகு, "பஸ் காசு, சாப்பாட்டுக் காசு போக மிச்சம் வரும்ல?" என்றார். தினமும் "இன்னிக்கு எதாச்சும் மெயில் வந்துச்சா தம்பி?" என்று கேட்டவர், இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் கேட்கிறார். ஆலோசகர் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு அது. வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு நானே முழு விவரத்தையும் சொல்லிவிடுவது. மற்ற நாள்களில் அம்மா கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுவது தெரிகிறது. அவருக்கும் கஷ்டம்தான்.

மதிப்பெண் என்றால், இடப்பக்கத்துக்கு ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் கழித்தது அந்த மூன்று வாரத்துக்கு. வலப்பக்கத்துக்கு மூன்று, அந்த மூத்த பெண்மணி கிடைத்தால் ஐந்து. கண்ணாடிக் கூண்டுக்கு இரண்டு. நாய்க்கு ஐந்து, பாவம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: ஆலோசனைக்கான நேரங்கள் செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் திறக்கும், ஒன்பதே காலுக்குள் தீர்ந்துவிடும். திங்கள் இரவே படிவத்தை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். உங்கள் தன்விவரத்தையும் இடப்பக்கக் கதவுக்குள் எடுத்துப் போங்கள், யாரும் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.